எழுபத்திரண்டில் ஒரு பங்கு

நமது கல்லூரிக் கைப்பணிக் கழகத்து மாணவர் சிலர், விழாக் கண்காட்சியின்பொருட்டுப் பழைய ஜெற் பயிற்சி விமானம் ஒன்றின் மாதிரியுருவை அமைக்க விரும்பி நம்மை அணுகினர். தமிழாசிரியர்க்கும் விமானத்துக்கும் யாது தொடர்பு என வினவும் பழைய மாணவரும் உளர். இளமையிற் பூவரச மரத்தாற் சிறு தோணிகள் செதுக்கிய பழக்கம் ஒன்றே நாம் காட்டத்தக்க தகுதி. ஆயினும் அப்பணியிற் பிழைத்தும் திருந்தியும் கற்றவை பிறர்க்கும் உதவுமாதலின் ஈண்டு எழுதுகின்றோம்.

தெரிந்தெடுத்த விமானம் ஜெற் புறோவொஸ்ற். பிரித்தானியாவில் ஹன்ரிங் பேர்சிவல் நிறுவனத்தார் ஆக்கிய இது, 1954 ஆம் ஆண்டு யூன் 26 ஆந் திகதி முதன்முதற் பறந்தது. சுழல்விசிறியால் இயங்கிய புறோவொஸ்ற் என்னும் முந்திய விமானத்தின் வழிவந்தது. இதன் வைப்பர்ப் பொறியின் வரலாறு சுவையானது. ஆளில்லாது பறந்து பீரங்கிப் பயிற்சிக்கு இலக்காகும் ஜிண்டிவிக் விமானத்துக்கென, குறுகிய ஆயுளோடு வகுக்கப்பட்ட பொறி அது. அழிவதற்கெனப் பிறந்த பொறியின் வழித்தோன்றல்களே மாணவரைச் சுமந்து பிரித்தானிய வான்படையில் 1993 வரை பறந்தன.

ஆசிரியர் என்ற முறையில் நம்மைக் கவர்ந்தது இதன் ஆசன அமைப்பு. 1951 இல் தோன்றிய றோயல் இலங்கை வான்படை முதலிற் பயன்படுத்திய சிப்மங்க் விமானத்தில் மாணவன் முன்னாலும் ஆசிரியர் பின்னாலும் இருப்பர். ஆசிரியர் காண்பது மாணவனின் பிடரியை. ஜெற் புறோவொஸ்ற்றில் மாணவன் இடப்புறம், ஆசிரியர் வலப்புறம்; இருவரும் அருகருகே. மாணவனின் கை எங்கே தயங்குகின்றது, முகம் எப்போது வெளிறுகின்றது என்பவற்றை ஆசிரியர் உடனே காண்பர். வகுப்பறையிற் கரும்பலகையருகே நின்று முகங்களைப் படிப்பவர்க்கு இதன் அருமை சொல்லாமலே விளங்கும்.

இனி அளவிடை. எயர்பிக்ஸ் நிறுவனத்தார் வெளியிட்ட மூன்றாம் வகை விமானத்தின் பிளாஸ்ரிக் பொதிகள் இரண்டைப் பெற்றோம். அளவிடை 1/72. ஓர் அங்குலம் ஆறடிக்குச் சமன் என்பதே இவ்வெண்ணின் எளிமை. ஆறடி மனிதன் ஓர் அங்குலமாக நிற்பான். 32 அடி 5 அங்குல நீளமுள்ள விமானம் ஏறத்தாழ 5.4 அங்குலமாகின்றது. நீளம் 72 இல் ஒன்றாயின் பரப்பும் அவ்வாறே என்று மாணவர் இருவர் சாதித்தனர். பரப்பு 5,184 இல் ஒன்று, கனவளவு 3,73,248 இல் ஒன்று என்பதை அவர்களே கணக்கிட்டுக் கண்டபோது, கணித ஆசிரியர்க்கு நாம் செய்த சிறு தொண்டென அதனைக் கொண்டோம்.

முதலாவது மாதிரியுருவில் நமக்கு நேர்ந்த பிழையை மறைப்பதற்கில்லை. உடலின் இரு பாதிகளையும் பொருத்தி, சிறகுகளை ஒட்டி, சக்கரங்களையும் இட்டு மேசைமீது வைத்தோம். விமானம் மூக்கை உயர்த்தி வாலில் அமர்ந்தது! மாணவர் சிரித்தனர், நாமும் சிரித்தோம். மூக்குச் சக்கரமுடைய விமானத்தின் எடை பின்சக்கரங்களுக்கு முன்னே விழுதல் வேண்டும். வெறும் பிளாஸ்ரிக் உருவில் அவ்வாறு விழாது. ஆகவே இரண்டாவதில், ஒட்டுமுன்னரே பாகங்களை ஒட்டுநாடாவாற் கட்டி, பின்சக்கரங்கள் அமையுமிடத்தின்கீழ் ஒரு பென்சிலை வைத்து, மூக்குத் தாழும்வரை மீன்வலையில் இடும் ஈயக்குண்டுகளை உள்ளே இட்டுப் பார்த்தோம். தாழ்ந்தபின் மேலும் ஒன்று இட்டோம். தீந்தையும் வாற்பகுதிச் சிறு உறுப்புகளும் பின்னர்ப் பாரம் சேர்க்குமன்றோ? ஈயத்தைத் தொட்ட கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவுக.

தீந்தை பூசுதலிலேதான் பெரும்பாலார் இடறுவர். பத்தில் ஒரு மில்லிமீற்றர்த் தடிப்பான பூச்சு நம் கண்ணுக்கு ஒன்றுமில்லை. ஆனால் அதனை 72 ஆற் பெருக்கிப் பாருங்கள்: 7.2 மில்லிமீற்றர்! மெய்யான விமானத்தின்மீது சுவருக்குச் சாந்து பூசியதை ஒக்கும். ஆதலின் நன்கு ஐதாக்கிய தீந்தையை, ஒன்று காய்ந்தபின் ஒன்றாகப் பலமுறை பூசுதல் வேண்டும். அதற்குமுன் பாகங்களைச் சவர்க்கார நீரிற் கழுவி உலர்த்துக. அச்சின் எண்ணெயும் விரலின் நெய்யும் தீந்தையைப் பற்றவிடா. பொருத்துவாய்களை நுண்ணிய அரத்தாளால் நீர்தொட்டுத் தேய்க்க. வெள்ளிநிறம் இரக்கமற்றது, மற்ற நிறங்கள் மறைக்கும் கீறலை அது விளக்கேற்றிக் காட்டும். பிரித்தானியப் பயிற்சி விமானங்களில் 1960 களிற் காணப்பட்ட ஒளிரும் செம்மஞ்சட் பட்டைகளை வெள்ளை அடிப்பூச்சின்மீதே பூசுக. வெள்ளியின்மீது பூசின் ஒளி மங்கும். ஆசன அறையின் தெளிந்த மூடிக்குப் பிளாஸ்ரிக் பசையைத் தொடவே கூடாது; அதன் ஆவி மூடியை மூட்டமாக்கும். தச்சர் பயன்படுத்தும் வெண்பசை போதும்.

முதலாவது உருவைப் பிரித்தானிய விமானமாகவும், இரண்டாவதை 1959 முதல் இலங்கைக்கு வந்த பன்னிரண்டில் ஒன்றாகவும் ஆக்கினோம். இலங்கைக்கு வந்தது 51 ஆம் வகை. மூன்றாம் வகையின் ஏற்றுமதி வடிவம். வேறுபாடு யாதெனின், இதில் இரு இயந்திரத் துப்பாக்கிகள் உண்டு. அவற்றின் குழல் விட்டம் 7.7 மில்லிமீற்றர். 72 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 0.11 மில்லிமீற்றர், ஒரு தலைமயிரின் தடிப்பு. நம்மிடமிருந்த மிக நுண்ணிய ஊசியும் அதனிற் பருத்தது. கற்பிக்கும் விமானத்துக்கும் சுடும் விமானத்துக்கும் இடையே நம் மேசையிலிருந்த வேறுபாடு ஊசிமுனையாலும் இடமுடியாத இரு புள்ளிகளே. இறுதியிற் கரிய மையால் இரு புள்ளிகள் தொட்டுவைத்தோம்.

இதன்மேல் மாணவரிடையே வாதம் எழுந்தது. 1971 ஏப்ரலில் தென்னிலங்கை இளைஞர் கிளர்ந்தெழுந்தபோது, சேவையினின்றும் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த ஜெற் புறோவொஸ்ற் விமானங்கள் மீண்டும் பறக்கவைக்கப்பட்டுத் தாக்குதலில் ஈடுபட்டன. அக்கிளர்ச்சியில் மாண்ட இளைஞர் பலர் நம் உயர்தர வகுப்பு மாணவரின் வயதினர். சிறகின்கீழ்க் குண்டுகளைத் தொங்கவிட்டாற் பார்வைக்கு அழகாயிருக்குமென்றான் ஒருவன். பயிற்சி விமானம் என்றே எழுதி அவ்வாண்டை விட்டுவிடலாமென்றான் மற்றொருவன். கல்லூரி விழாவில் அஃது ஏன் என்று ஆசிரியருள்ளும் ஒருவர் கேட்டார். நமக்கும் முதலில் அவ்வாறே தோன்றியது. ஆயின் மயிரிழைப் புள்ளியைத் தவறவிடலாகாதென இரண்டு மாலைகள் செலவிட்ட பின்னர், ஓர் ஆண்டைத் தவறவிடுதல் எங்ஙனம்? குண்டுகள் வேண்டாம், ஆண்டு வேண்டும் என முடிவாயிற்று. பெயரட்டையில் விமானத்தின் வகை, இலங்கைக்கு வந்த ஆண்டு, 1971 இற் செய்த தொழில் ஆகிய மூன்றும் ஒரே அளவான எழுத்தில் உள்ளன. முதலிற் குண்டு கேட்ட மாணவனே அதனை எழுதினான், கையெழுத்து நன்று.

இரு உருவங்களும் நூலகத்துக் கண்ணாடி அலுமாரியில் வைக்கப்பட்டுள்ளன. செம்மஞ்சள் வெயிலில் விரைந்து வெளிறுமாதலின் யன்னலுக்கு எதிர்ப்புறத்தே வைத்தோம். தூசியை மென்தூரிகையாலன்றித் துணியால் துடைத்தலாகாது. காண வருவோர் வாலில் அமர்ந்ததையும் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். அதன் வாலின்கீழ் ஒரு தீப்பெட்டிக் குச்சியை முட்டுக் கொடுத்து ஒட்டியிருக்கின்றோம்.