பெருங்காய டப்பாவைக் காட்டச் சொல்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அத்தை எழுதுவது. ஆபீஸ் பிள்ளைகளோடு ஹோட்டலுக்குப் போனால், பசியில்லை என்று சொல்லி வெறும் காபியோடு எழுந்துவிடுகிறாயாமே, அம்மா நேற்று போனில் சொல்லி அழுதாள். உனக்குச் சீலியாக், கோதுமை ஆகாது என்று டாக்டர் சொல்லி மூன்று மாதம்தான் ஆகிறது. எனக்கு 11 வருஷமாயிற்று. பட்டினி கிடக்காதே, கண்ணு. நம் ஊர்ச் சாப்பாடு அரிசியிலும் உளுந்திலும்தான் நிற்கிறது. கோதுமை எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டால் நீயும் எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிடலாம்.

எனக்கு அது தெரிய ஒரு வருஷம் பிடித்தது. பூரி, பரோட்டா, ரவா தோசை, சேமியா எல்லாவற்றையும் விட்டிருந்தேன். ஆனாலும் வெளியூர் போய்வந்தால் வயிறு உப்பி இரண்டு நாள் படுக்கைதான். ஒருநாள் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஹோட்டல் ஒன்றில், "கோதுமை ஏதும் சேருதா தம்பி?" என்று கேட்டுவிட்டுத்தான் இட்லி சாம்பார் வாங்கினேன். "சாம்பார்ல யாரும்மா கோதுமை போடுவா?" என்றான் அந்தப் பையன். அவன் பொய் சொல்லவில்லை. கை கழுவப் போனபோது சமையல்கட்டு வாசலில் பெருங்காய டப்பா இருந்தது. எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். பொடி எழுத்தில் கோதுமை மாவு, கோந்து, அதற்குப் பிறகுதான் பெருங்காயம். தனிப் பெருங்காயத்தின் காட்டம் தாங்காது என்பதால் பெரும்பாலும் மாவு கலந்துதான் விற்கிறார்கள். அரிசி மாவு கலந்ததும் கடையில் கிடைக்கிறது. ஹோட்டலில் எது இருக்கிறது என்பது டப்பாவைப் பார்த்தால்தான் தெரியும்.

அதனால் "கோதுமை இருக்கா?" என்று கேட்காதே. "என்ன பெருங்காயம் போடுறீங்க, டப்பாவைக் கொஞ்சம் காட்டுங்க" என்று கேள். சாம்பார், ரசம், தாளித்த சட்னி, இட்லிப் பொடி எல்லாவற்றுக்கும் முதலில் இந்தக் கேள்விதான். இட்லி தனிப்பாத்திரத்தில் வேகிறது, பயமில்லை. தோசைதான் ஏமாற்றும். மாவில் குற்றமிருக்காது, சப்பாத்தி போட்ட அதே கல்லில் வார்த்திருப்பார்கள். வடையும் அப்படித்தான், பூரி பொரித்த எண்ணெயா என்று விசாரி. ஃபிரைடு ரைஸ் பக்கம் போகாதே, சோயா சாஸில் கோதுமை சேர்கிறது. சிக்கன் 65-இல் மைதா சேர்ப்பவர்கள் நிறையப் பேர்.

கூட்டம் இருக்கும்போது கேட்டால் பதில் வராது. கொஞ்சம் முன்னாலேயே போய், சப்ளையரிடம் இல்லாமல் மாஸ்டரிடமே பேசு. சீலியாக் என்றால் அவருக்குப் புரியாது. "கோதுமை அலர்ஜி, துளி பட்டாலும் ஆகாது" என்று சொல். நான் பார்த்தவரை சமைக்கிறவர்கள் இதைக் காதில் வாங்கிக்கொள்கிறார்கள். தன் கையால் போட்டது ஒருவருக்கு ஆகாமல் போவதை எந்த மாஸ்டரும் விரும்பமாட்டார். ஒரே ஹோட்டலுக்குப் போய்ப் பழகிவிட்டால், உன் முகத்தைப் பார்த்ததும் கல்லைத் தனியாக வைப்பார்.

"கொஞ்சம்தானே, ஒண்ணும் ஆகாது" என்று கூட இருப்பவர்கள் வற்புறுத்துவார்கள். அதற்கு மட்டும் இணங்காதே. கோதுமையில் நமக்கு ஆகாத புரதம்தான் குளூட்டன். குளூட்டன் இல்லாத உணவு என்று அச்சிட வேண்டுமானால் அது கிலோவுக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது நம் நாட்டு உணவுச் சட்டம். அவ்வளவு சிறியது அந்த அளவு. வயிறு வலிக்காத நாளிலும் குடல் உள்ளே புண்ணாகிக்கொண்டிருக்கும், சாப்பிட்ட இரும்புச்சத்து உடம்பில் ஒட்டாது. போன வருஷமெல்லாம் நீ மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கினாயே, ரத்தம் குறைந்தது இதனால்தான்.

கேட்பதற்கு வெட்கப்படாதே, பாப்பா. உன் தோழிகளிடமும் மறைக்காமல் சொல்லிவிடு. ஒருமுறை சொன்னால் அடுத்தமுறை அவர்களே உனக்காகக் கேட்பார்கள்.

இந்தப் பார்சலில் பெருங்காயம் போடாத இட்லிப் பொடி அரைத்து வைத்திருக்கிறேன். பூண்டு கூடுதலாகச் சேர்த்திருக்கிறேன், அதனால் வாசனை குறையாது. சின்ன எவர்சில்வர் டப்பா கைப்பைக்கு. நல்லெண்ணெய் மட்டும் ஹோட்டலில் கேட்டு வாங்கிக்கொள். பொடி தீர்வதற்கு ஒரு வாரம் முன்னால் சொல்.

அன்புடன்,
அத்தை