பழைய கொம்பியூட்டர் சங்கம்: சந்தா நிற்காமல் இருக்க ராத்தாவின் டிப்ஸ்

தம்பி, கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பழைய கொம்பியூட்டர் பிரியர்களுக்கு ஒரு சங்கம் தொடங்கப் போவதாகச் சொன்னாய். நல்ல காரியம். முதல் கூட்டத்துக்கு ஆசையில் நிறையப் பேர் வருவார்கள். மூன்றாம் மாதமும் சந்தாக் காசோடு வருகிறவர்களைப் பற்றித்தான் நீ யோசிக்க வேண்டும். வந்தால் கையில் ஏதாவது கிடைக்கும் என்று தெரிந்த இடத்துக்குத்தான் சனம் தொடர்ந்து காசு கொடுக்கும்.

ரொறன்ரோவில் கொமடோர் கொம்பியூட்டர் வைத்திருந்தவர்கள் சேர்ந்து ‘பெட் யூசர்ஸ் குரூப்’ என்று ஒரு சங்கம் நடத்தினார்கள். 1980களில் உலகம் முழுக்க அதற்கு 20,000க்கு மேல் உறுப்பினர்கள். கட்டிய சந்தாவுக்குச் சஞ்சிகையும் டிஸ்க் நூலகமும் கிடைத்தன. இணையம் வந்ததும் அவை இரண்டும் வீட்டிலேயே கிடைத்துவிட்டன. ஆனாலும் சங்கம் இன்னும் இருக்கிறது. ஆட்கள் நேரில் கூடுவதும், மெஷினைத் தொட்டுப் பார்ப்பதும், கண்காட்சி வைப்பதும்தான் அதைத் தாங்குகின்றன. கலிபோர்னியாவில் 1975 மார்ச் 5ஆம் திகதி ஒரு கராஜில் கூடிய ஹோம்பிரூ கொம்பியூட்டர் கிளப்பும் அப்படித்தான் வளர்ந்தது. அப்பிள் கொம்பியூட்டரை உருவாக்கிய வொஸ்னியாக் அங்கே தான் வரைந்த சேர்க்யூட் படத்தைப் பிரதி எடுத்து மற்றவர்களுக்குக் கொடுத்தார்.

அதனால் முதல் கூட்டத்தில் பேச்சு வேண்டாம், வேலை வை. நம் பக்கத்து வீடுகளின் அலுமாரி மேலே கிடக்கும் 386, 486 மெஷின்கள் பலவற்றில் மதர்போர்டோடு ஒட்டிய சிறிய பெட்டரி ஒன்று இருக்கும். காலம் போனால் அது கசிந்து செப்புக் கோடுகளைத் தின்றுவிடும். எல்லோரையும் மெஷினோடு வரச் சொல்லி, அன்றைக்கே பெட்டரியைக் கழற்றி, கசிந்த இடத்தைச் சுத்தம் செய்து அனுப்பு. தன் மெஷின் தப்பியது என்று வீட்டில் போய்ச் சொல்கிறவர் அடுத்த முறையும் வருவார். பழைய குண்டு மொனிட்டரை மட்டும் பிள்ளைகள் திறக்கக் கூடாது. வயரைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும்.

நான் பெரிதாக நினைப்பது பிளொப்பிகளைத்தான். திருகோணமலை, கிண்ணியாப் பக்கத்து அச்சகங்களிலும் பாடசாலைகளிலும் பாமினி எழுத்துருவில் அடித்த மலர்கள், கவிதைத் தொகுப்புகள், பெயர்ப் பட்டியல்கள் என்று எவ்வளவோ பிளொப்பியில் கிடக்கலாம். இந்தக் கடற்காற்றிலும் ஈரத்திலும் அவை பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணத்தோடு டிரைவில் போட்டால் பிளொப்பியும் போகும், டிரைவின் ஹெட்டும் கெடும். ஐசோபுரொப்பைல் அல்ககோலால் மெதுவாகத் துடைத்த பிறகே படிக்க வேண்டும். படித்ததை யூனிகோடுக்கு மாற்றாவிட்டால், பாமினி இல்லாத மெஷினில் வெறும் ஆங்கில எழுத்துகளாகத்தான் தெரியும். இந்த வேலையைச் சிறு கட்டணத்துக்குச் செய்து கொடு. கொம்பியூட்டரில் துளி ஆசை இல்லாதவரும், தன் வாப்பா எழுதியது திரும்பக் கிடைக்கிறதென்றால் சங்கத்தில் சேருவார். எழுதியவர்கள் சம்மதித்தால் ஒரு பிரதியை, தமிழ் எழுத்துகளை இணையத்தில் சேமிக்கும் நூலகம் நிறுவனத்துக்கும் அனுப்பு.

கூட்டத்தைப் போயா நாளில் வை. அரசாங்க உத்தியோகத்தருக்கும் பிள்ளைகளுக்கும் அன்று லீவு. அந்த நாளை யாரும் மறக்கவும் மாட்டார்கள். காலை நேரமாக, பாடசாலை லேப் போன்ற பொது இடமாக இருந்தால் நம் பெண் பிள்ளைகளையும் வீட்டில் தயங்காமல் அனுப்புவார்கள். இதை விட்டுக் கொடுக்காதே தம்பி. பெண் பிள்ளைகளுக்கு இடமில்லாவிட்டால் ஊரில் பாதிப் பேரை நீ கூப்பிடவே இல்லை என்றுதான் அர்த்தம். மழைக்காலத்தில் மட்டும் பாதை பார்த்து இடத்தை மாற்று.

சந்தாவை எப்படி வாங்குவது என்று பள்ளிவாசலைப் பார்த்துப் படி. மஹல்லா சந்தா தலைமுறையாக ஓடுகிறது. சிறு தொகை, மாதாமாதம், கையில் துண்டு, கணக்கு எல்லோர் முன்னாலும். மாதம் 200 ரூபாய் போதும், மாணவர்களுக்குப் பாதி. முதல் காசில் நல்ல மல்ட்டிமீற்றரும் ஈயம் ஒட்டும் அயனும் வாங்கி, உறுப்பினர்களுக்கு இரவல் கொடு. கனடாவிலிருந்து சாச்சா கொண்டு வந்த 110 வோல்ட் மெஷினை யாராவது நேரே பிளக்கில் செருகிவிடாமல் இருக்க டிரான்ஸ்போமர் ஒன்றும் சங்கத்தில் இருக்கட்டும். வரவு செலவைக் கூட்டத்தில் வாசி, சுவரிலும் ஒட்டு.

புது ஆட்களைப் பாடசாலைகளில் தேடு. அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கின் கதையைச் சொன்னால் பிள்ளைகள் காது கொடுப்பார்கள். 1950களில் நம் கோணேசர் மலையடிக் கடலில் சுழியோடியவர் அவர். ‘2010’ நாவலைக் கொழும்பில் சின்னக் கொம்பியூட்டரில் எழுதி, அஞ்சேகால் அங்குல பிளொப்பியில் நியூயோர்க்குக்கு அனுப்பினார். அது படமானபோது கேப்ரோ மெஷினைத் தொலைபேசியோடு இணைத்து அமெரிக்காவில் இருந்த இயக்குநரோடு கடிதம் பரிமாறினார். சொல்லி முடித்ததும் ஒரு பிளொப்பியைப் பிள்ளைகள் கையில் கொடு.

யாராவது இரண்டு மாதம் சந்தா தராவிட்டால் வீட்டுக்குப் போ, ஆனால் காசைப் பற்றிப் பேசாதே. பாதியில் நிற்கிற மெஷின் எது என்று கேள். அடுத்த போயாவுக்கு அதை மேசையில் முதலாவதாக வை.