கை நரம்பும் தண்டுவடமும்

அன்பு மருமகனுக்கு,

அரிவாள் பட்டு மரத்துப்போன விரலில் உணர்ச்சி திரும்புகிறது. பனையிலிருந்து விழுந்து தண்டுவடம் அடிபட்டவருக்குக் காலில் ஏன் அது திரும்புவதில்லை என்று கேட்டிருந்தாய்.

முதலில் கை. நரம்பு என்பது ஆயிரக்கணக்கான இழைகளின் கட்டு. ஒவ்வொன்றும் தண்டுவடத்திலோ அதன் ஓரத்திலோ இருக்கும் ஒரு செல்லிலிருந்து நீண்டு வருவது. பெயர் ஆக்ஸான். மணிக்கட்டில் அறுபட்டால், செல்லோடு தொடர்பு விட்டுப்போன பகுதி சில நாளில் சிதைந்துவிடும். 1850-ல் அகஸ்டஸ் வாலர் தவளை நாக்கின் நரம்பில் இதைக் கண்டார். ஊட்டம் கிடைக்காமல் தானாகச் சாகிறது என்றே வெகுகாலம் நினைத்தார்கள். உண்மையில் சார்ம்1 என்ற புரதம் விழித்துக்கொண்டு, இழையின் ஆற்றலுக்கு வேண்டிய என்ஏடி மூலக்கூறைத் தீர்த்துக்கட்டுகிறது.

இனிமேல்தான் சுவாரஸ்யம். இழைக்கு மயலின் உறை போட்டிருந்த ஷ்வான் செல்கள், சி-ஜூன் என்ற புரதத்தின் ஏவலால் பழைய வேலையை விட்டுவிட்டுப் பழுது பார்க்க இறங்குகின்றன. மேக்ரோஃபேஜ் செல்களோடு சேர்ந்து உறைக் குப்பையை அகற்றி, வரிசையாக நின்று வழி அமைத்து, வளர்ச்சிக் காரணிகளையும் சுரக்கின்றன. தண்ணீர் திறக்குமுன் தூர்வாரி வைத்த கால்வாய் மாதிரி. இதற்குள் அறுந்த முனையில் புகுந்த கால்சியம் ஒரு செய்தியைக் கிளப்பிவிடும். டைனீன் என்ற மோட்டார் புரதம் அதைச் செல்லின் உட்கருவுக்குச் சுமந்து போகிறது. அங்கே ஏடிஎஃப்3 முதலிய புரதங்கள் வளர்ச்சிக்கான மரபணுக்களை எழுப்புகின்றன. வேகம் நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர். விரல்நுனி 18 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால் ஆறு மாதம் ஆகும்; அதுவும் டாக்டர் முனைகளைச் சரியாகச் சேர்த்துத் தைத்திருந்தால்.

தண்டுவடத்தில் ஷ்வான் செல் கிடையாது. அங்கே மயலின் போடுவது வேறு செல். உடைந்த உறை நெடுநாள் அப்படியே கிடக்கும். அதிலுள்ள நோகோ-ஏ புரதம் வளரும் நுனியை முடக்குகிறது. காயத்தழும்பிலுள்ள புரோட்டியோகிளைக்கான் என்ற மூலக்கூறுகளும் மறிக்கின்றன. ஆனால் தண்டுவடத்து நரம்புச் செல்களுக்கு வளரும் திறனே இல்லை என்று எண்ணிவிடாதே. 1981-ல் சாமுவேல் டேவிட்டும் ஆல்பர்ட் அகுவாயோவும் எலியின் கால் நரம்பை எடுத்துத் தண்டுவடத்துக்குப் பாலமாக வைத்தார்கள். வளராது என்றிருந்த இழைகள் அதற்குள் சென்டிமீட்டர் கணக்கில் வளர்ந்தன! 2008-ல் சுண்டெலியின் கண் நரம்புச் செல்களில் பிடென் என்ற மரபணுவை நீக்கியபோது, அவற்றின் இழைகளும் வளர்ந்தன.

அதே 1981-ல்தான் நம் ஆழ்வார்குறிச்சிக்கு வடக்கே ஆய்க்குடியில் எஸ். ராமகிருஷ்ணன் மாற்றுத்திறனாளிகளுக்காக அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். 1975-ல் கடற்படைத் தேர்வின்போது கீழே விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். எலிக்குக் கைகூடியது மனிதருக்கு இன்னும் மருந்தாகவில்லை. பயிற்சி, சக்கர நாற்காலி, படுக்கைப்புண் வராத கவனிப்பு, ஒரு தொழில்: இவைதான் இன்று கையில் இருப்பவை. ஸ்டெம் செல் ஊசியால் நடக்க வைக்கிறேன் என்று லட்சக்கணக்கில் கேட்பவரை நம்பாதே.

அடிபட்ட தண்டுவடத்தில் பலருக்குச் சில இழைகள் அறுபடாமல் மிஞ்சியிருக்கும். தூக்கிவிடும் அவசரத்தில் அவையும் போய்விடக்கூடும். ஆகவே யாராவது மரத்திலிருந்து விழுந்தால் உட்கார வைக்காதே, தோளில் தூக்காதே. தலையும் கழுத்தும் அசையாமல் பிடித்துக்கொண்டு, 108 ஆம்புலன்ஸைக் கூப்பிடு.

அன்புடன்,
மாமா