ஒரு அடி ஏற பன்னிரண்டு அடி வேணும்!

நம்ம மல்லசமுத்திரம் பக்கம் வீடோ கடையோ கட்டினால், மழைத்தண்ணி உள்ளே வராமல் இருக்க வாசலை ஒன்றரை அடியாவது உயர்த்துவோம். படிக்குப் பக்கத்தில் பைக் ஏற்ற ஒரு சிமென்ட் சரிவும் போடுவோம். "அதான் சாய்தளம் இருக்கே, வீல்சேரும் ஏறிக்கும்" என்று நினைப்போம். ஏறுமா? முதல் வருஷ மெக்கானிக்ஸை வைத்தே பார்த்துடலாம்.

வீல்சேரும் ஆளும் சேர்த்து 90 கிலோ என்று வைப்போம். பைக் சரிவு 1:3 என்றால், அதாவது 1 அடி உயரத்துக்கு 3 அடி நீளம் என்றால், கோணம் சுமார் 18.4 டிகிரி. வண்டி பின்னால் உருளாமல் நிறுத்தவே 90 × சைன் 18.4, சுமார் 28 கிலோ எடைக்குச் சமமான விசை வேண்டும். ஒரு அம்மாவால் மகனை இதில் தள்ளிக்கொண்டு போக முடியாது. அதே கணக்கை 1:12 சரிவுக்குப் போடுங்க: 4.8 டிகிரி, 7.5 கிலோ. அவ்வளவுதான்!

அதனால்தான் சாய்தளத்துக்கு 1:12 என்பது எல்லை. அதைவிடச் செங்குத்தாக வேண்டாம். உயரம் கூடினால் 1:15, 1:20 என்று இன்னும் தணிவாக வைப்பது நல்லது. ஒன்றரை அடி வாசலுக்குக் குறைந்தது 18 அடி நீளம். இடம் இல்லையா? நடுவில் ஒரு சமதளம் விட்டுத் திருப்பலாம். வீல்சேர் திரும்ப 1.5 மீட்டர் இடம், இருபக்கமும் கைப்பிடி, வழுக்காத தரை, இவையும் அவசியம்.

தரையை மாற்றினால் என்ன நடக்கும் என்பதற்குச் சென்னை மெரினாவே சாட்சி. மணலில் சக்கரம் புதைந்துவிடும் என்பதால் அலையருகே போக முடியாதவர்களுக்காக, 2022 நவம்பரில் அங்கே மரப்பாதை திறந்தார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் அது சேதமாகி, பிறகு சரிசெய்யப்பட்டது. கட்டுவதோடு வேலை முடிவதில்லை, பராமரிப்பும் டிசைனில் சேர்த்திதான்.

முட்டிவலிக்கார பாட்டி, கர்ப்பிணி, கேஸ் சிலிண்டர் உருட்டி வருபவர், கால் உடைந்து ஊன்றுகோலோடு வரும் நம்ம கிளாஸ்மேட் என்று எல்லாருக்கும் அதே சாய்தளம் உதவும்.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதை உரிமை என்கிறது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும், அணுகல் தரங்கள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமாக்குங்கள் என்றது.

நாளைக்கு பிளானில் கையெழுத்துப் போடப்போவது நாமதான். இன்றைக்கே ஒரு டேப்பை எடுத்து, உங்க வீட்டு வாசல் சரிவின் உயரத்தையும் நீளத்தையும் அளந்து பாருங்க. விகிதம் என்ன வருது?