திரவப் பளிங்குகளும் பெங்களூர் மாநாடும்

சடப்பொருள் திண்மம், திரவம், வாயு என மூன்று நிலைகளில் காணப்படும் என்பதைக் கீழ் வகுப்புகளிலேயே நாம் படித்துவிட்டோம். புத்தளத்து உப்பளங்களில் குவித்து வைத்திருக்கும் உப்பு ஒரு திண்மம். அதனுள்ளே துணிக்கைகள் ஒழுங்காக, இடம் மாறாமல் அடுக்கப்பட்டிருப்பதால் அதைப் பளிங்கு என்கிறோம். நமது கண்டக்குழிக் கடலின் நீர் திரவம். அதில் மூலக்கூறுகள் ஒழுங்கில்லாமல் ஓடித்திரிகின்றன. இந்த இரண்டுக்கும் நடுவில், திரவத்தைப் போல ஓடிக்கொண்டும் பளிங்கைப் போல ஒழுங்காகவும் இருக்கும் இன்னொரு நிலை உண்டா? உண்டு. அதற்குத் திரவப் பளிங்கு என்று பெயர். தமிழ்நாட்டு நூல்களில் இதை நீர்மப் படிகம் என்று எழுதுவார்கள்.

இந்தப் பெயர் நமக்குப் புதிதாக இருந்தாலும் பொருள் புதிதல்ல. கணிகருவியில் தெரியும் இலக்கங்கள், காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் வெப்பமானி, வீட்டில் உம்மும்மாவுக்குப் பிரஷர் பார்க்கும் கருவி, எல்.சி.டி. தொலைக்காட்சி ஆகிய எல்லாவற்றிலும் வேலை செய்வது திரவப் பளிங்குதான். எல்.சி.டி. என்பதன் நடு எழுத்து குறிப்பதும் இந்தப் பளிங்கையே.

1888 ஆம் ஆண்டு பிராக் நகரில் பிரீட்ரிக் ரைனிட்சர் என்ற தாவரவியலாளர் கொலெஸ்தெரைல் பென்சோவேற்று என்ற சேர்வையை வெப்பமாக்கிப் பார்த்தார். அது 145.5 பாகை செல்சியசில் உருகிக் கலங்கிய திரவமாகியது. மேலும் வெப்பமாக்கியபோது 178.5 பாகையில் அந்தக் கலங்கல் மறைந்து தெளிவான திரவமாகியது. ஒரு தூய பொருளுக்கு ஓர் உருகுநிலைதான் இருக்கும் என்பது நாம் படித்த பாடம். இதற்கோ இரண்டு இருந்தன. ரைனிட்சர் இதை ஜேர்மனியப் பௌதிகவியலாளர் ஒட்டோ லேமானுக்கு எழுதி அனுப்பினார். நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்த லேமான், அந்தக் கலங்கிய திரவம் பளிங்கைப் போலவே ஒளியைக் கையாள்வதைக் கண்டார். 1922 இல் பிரான்ஸ் நாட்டு ஜோர்ஜஸ் பிரீடெல் இவற்றை வகைப்படுத்தினார்.

அந்த வகைகளை நமக்குத் தெரிந்தவற்றோடு ஒப்பிட்டால் விளங்குவது சுலபம். சூடை மீன் கூட்டம் கடலில் போகும்போது எல்லா மீன்களின் தலையும் ஒரே திசையை நோக்கியிருக்கும். ஆனால் எந்த மீனுக்கும் நிரந்தரமான இடம் இல்லை, முன்னும் பின்னும் மாறிக்கொண்டே இருக்கும். நீண்ட கோல் வடிவ மூலக்கூறுகள் இப்படித் திசையில் மட்டும் ஒழுங்காக இருந்தால் அது நெமற்றிக் வகை. நூலக அலுமாரியில் தட்டுத்தட்டாகப் புத்தகங்களை நிமிர்த்தி வைத்திருக்கிறோம். ஒரு தட்டுக்குள் புத்தகத்தை அங்குமிங்கும் நகர்த்தலாம், ஆனால் அது தானாகத் தட்டு மாறாது. இப்படிப் படைபடையாக அமைந்தது சிமெற்றிக் வகை. மூலக்கூறுகளின் திசை, சுழற்படிக்கட்டைப் போலக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிக்கொண்டு போனால் அது கொலெஸ்தெரிக் வகை. ரைனிட்சர் கண்டது இதைத்தான்.

உயிரியல் படிக்கும் மாணவிகளுக்கு இன்னொரு செய்தி. கலமென்சவ்வில் பொஸ்போலிப்பிட்டு மூலக்கூறுகள் இரட்டைப் படையாக நின்று, அந்தப் படைக்குள்ளேயே நகர்ந்துகொண்டிருக்கின்றன என்று படிக்கிறோம் அல்லவா? அதுவும் ஒரு திரவப் பளிங்கு நிலையே. ஆகவே இந்த நிலை நம் உடம்பின் ஒவ்வொரு கலத்திலும் இருக்கிறது.

திரையில் இது எப்படி வேலை செய்கிறது? இரண்டு முனைவாக்கித் தகடுகளை ஒன்றுக்கொன்று செங்குத்தாக வைத்தால் ஒளி கடந்து போகாது. அவற்றின் நடுவே, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு 90 பாகை முறுக்கிய நெமற்றிக் படை ஒன்றை வைத்தால், அந்த முறுக்கோடு சேர்ந்து ஒளியின் முனைவுத் தளமும் திரும்புகிறது. அதனால் ஒளி வெளியே வருகிறது. சிறிய மின்னழுத்தம் கொடுத்ததும் மூலக்கூறுகள் மின்புலத்தின் திசைக்கு நிமிர்கின்றன. முறுக்குக் குலைந்து அந்த இடம் கறுக்கிறது. கணிகருவியின் கறுப்பு இலக்கங்கள் இப்படித்தான் தோன்றுகின்றன. போலரொயிட் வெயில் கண்ணாடி கிடைத்தால் அதனூடாகக் கணிகருவியைப் பார்த்துக்கொண்டே கண்ணாடியை மெல்லத் திருப்பிப் பாருங்கள். ஒரு கோணத்தில் திரை முழுவதும் இருண்டுவிடும். முனைவாக்கத்துக்கு இதைவிட மலிவான பரிசோதனை கிடையாது.

இனி மாநாட்டுக்கு வருவோம். மாநாடு என்றதும் நம்மவர்களுக்குக் கட்சி மாநாடோ மார்க்க மாநாடோதான் ஞாபகத்துக்கு வரும். விஞ்ஞான மாநாடு வேறுவகை. ஒரே துறையில் வெவ்வேறு நாடுகளில் ஆராய்பவர்கள் ஓரிடத்தில் கூடி, தாங்கள் கண்டதைச் சொல்வார்கள். மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். பிழை இருந்தால் அங்கேயே சுட்டிக்காட்டப்படும். பட்டப்பின் படிப்பு மாணவர்கள்கூடத் தமது முடிவுகளைச் சுவரொட்டியாக ஒட்டிவைத்து, அதன் பக்கத்தில் நின்று பெரிய பேராசிரியர்களுக்கு விளக்குவார்கள். திரவப் பளிங்குகளுக்கான முதலாவது சர்வதேச மாநாடு 1965 இல் அமெரிக்காவின் கென்ற் நகரில் கிளென் பிறவுண் என்பவரின் முயற்சியால் நடந்தது.

இந்த வரலாற்றில் நமது அயல்நாட்டு நகரமான பெங்களூருக்கும் ஓர் இடம் உண்டு. அதைப் பெற்றுக்கொடுத்தவர் சிவராமகிருஷ்ண சந்திரசேகர். இவர் 1930 இல் பிறந்தவர், திருச்சிராப்பள்ளியில் பிறந்த சேர் சி.வி. இராமனின் சகோதரி மகன். நட்சத்திரங்களைப் பற்றி ஆராய்ந்து நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகரும் இதே குடும்பம்தான், ஆனால் அவர் வேறு, இவர் வேறு. மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த இவர், 1971 இல் பெங்களூர் இராமன் ஆராய்ச்சி நிறுவகத்தில் திரவப் பளிங்கு ஆய்வுகூடத்தைத் தொடங்கினார். 1973 டிசம்பரிலேயே அங்கே ஒரு சர்வதேச மாநாட்டைக் கூட்டிவிட்டார். உலகத்திடம் போய்ப் படிப்பதோடு நில்லாமல், உலகத்தைத் தம்மிடம் வரவழைத்தார் என்றே சொல்ல வேண்டும்.

அதன் பலன் நான்கு ஆண்டுகளில் தெரிந்தது. அதுவரை கோல் போன்ற நீண்ட மூலக்கூறுகள்தான் திரவப் பளிங்கு ஆகும் என்று கருதப்பட்டது. 1977 இல் சந்திரசேகரும், பி.கே. சதாசிவா, கே.ஏ. சுரேஷ் ஆகிய இருவரும் தட்டையான தட்டு வடிவ மூலக்கூறுகளும் திரவப் பளிங்கு ஆகும் என்று காட்டினார்கள். பென்சீன் வளையத்தைச் சுற்றி ஆறு நீண்ட சங்கிலிகளைக் கொண்ட சேர்வைகளை அவர்கள் ஆராய்ந்தார்கள். இடியப்பங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் எப்படி இருக்குமோ, அப்படி அந்த மூலக்கூறுகள் நிரல்நிரலாக அடுக்குப்பட்டன. இந்தக் கட்டுரை வெளிவந்தது இந்தியாவின் ‘பிரமாணா’ என்ற ஆய்விதழில். பிறகு, எல்.சி.டி. திரையைப் பக்கவாட்டில் நின்று பார்த்தாலும் படம் தெளிவாகத் தெரியச் செய்யும் மென்படலங்களில் இந்தத் தட்டு வடிவப் பொருட்களே பயன்பட்டன.

1979 இல் மீண்டும் பெங்களூரில் ஒரு சர்வதேச மாநாடு. அமெரிக்கா, ஜேர்மனி, சுவீடன், பிரான்ஸ், ஜப்பான் ஆகிய நாடுகளில் மாறிமாறி நடந்துவந்த உலக மாநாட்டுத் தொடரின் ஒன்பதாவது மாநாடும் 1982 இல் அங்கேயே நடந்தது. 1990 இல் சர்வதேசத் திரவப் பளிங்குச் சங்கம் அமைந்தபோது அதன் முதல் தலைவரும் சந்திரசேகர்தான். 1991 இல் பெங்களூரில் திரவப் பளிங்கு ஆராய்ச்சிக்கென்றே தனி நிலையம் ஒன்றையும் தொடங்கினார். 2004 இல் அவர் காலமானார்.

இதையெல்லாம் உயர்தரத்தில் படிக்கும் நாம் ஏன் அறிய வேண்டும்? எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு பெண்பிள்ளை விஞ்ஞானப் பிரிவுக்குப் போகிறாள் என்றால் முதலில் வரும் கேள்வி, “டொக்டராக வர ஏலாட்டி இந்தப் படிப்பால என்ன பிரயோசனம்?” என்பதே. கேட்பவர்கள் நம்மீது அன்பில்லாமல் கேட்பதில்லை. கடலை நம்பி வாழும் குடும்பத்துக்கு வகுப்புக் கட்டணமும் பஸ் செலவும் பெரிய காசு. ஆனால் இந்தக் கேள்விக்குத் திரவப் பளிங்கே ஒரு பதில் சொல்கிறது. ரைனிட்சர் 1888 இல் கண்டதை வைத்து ஆர்.சி.ஏ. நிறுவனத்தின் ஜோர்ஜ் ஹைல்மையர் குழுவினர் திரை ஒன்றை வெளியுலகுக்குக் காட்டியது 1968 இல். நடுவில் எண்பது ஆண்டுகள். சாதாரண வெப்பநிலையிலேயே நிலைத்து நிற்கும் பொருளை இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் ஜோர்ஜ் கிரே குழுவினர் தந்தது 1973 இல். அந்த எண்பது ஆண்டுகளும் “இதனால் என்ன பிரயோசனம்?” என்று கேட்டு எல்லோரும் விட்டிருந்தால், இன்று நம் கையில் இந்தக் கருவிகள் இருந்திருக்காது.

இது ஆண்களுக்கு மட்டும் உரிய துறையும் அல்ல. இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் பேராசிரியராக இருக்கும் ஹெலன் கிளீசன் என்ற பெண்மணி திரவப் பளிங்கு ஆய்வில் உலகறிந்தவர்.

பெற்றோர்களே, மருத்துவமும் பொறியியலும் விஞ்ஞானத்தின் இரண்டு கதவுகள் மட்டுமே. பௌதிகம், இரசாயனம் படித்த பிள்ளைக்கு ஆய்வுகூடம், ஆசிரியத் தொழில், கைத்தொழில் எனப் பல கதவுகள் இருக்கின்றன. இசட் புள்ளி குறைந்துவிட்டது என்பதற்காகப் புத்தகத்தை மூடிவைக்கச் சொல்லாதீர்கள். பௌதிக விஞ்ஞானப் பட்டப்படிப்புக்கு இடம் கிடைத்தால், தூரம் என்று தயங்காமல் அனுப்பிவையுங்கள்.

மாணவிகளே, மாநாடு என்பது பெரிய மண்டபத்தில்தான் நடக்க வேண்டும் என்றில்லை. தவணைக்கு ஒரு நாள், ஒவ்வொருவரும் ஒரு பரிசோதனையைச் செய்து, பிறிஸ்டல் போர்ட்டில் எழுதி வகுப்பறைச் சுவரில் ஒட்டுவோம். பக்கத்தில் நின்று மற்ற வகுப்பு மாணவிகளுக்கு விளங்கப்படுத்துவோம். தெரியாத கேள்வி வந்தால் குறித்துவைத்து ஆசிரியரிடம் கேட்போம். நமது உம்மாமாரையும் வாப்பாமாரையும் அதற்கு அழைப்போம். மகள் என்ன படிக்கிறாள் என்பதை அவள் வாயாலேயே கேட்ட பிறகு, “என்ன பிரயோசனம்?” என்ற கேள்வியை அவர்கள் வேறு விதமாகக் கேட்பார்கள் என்று நம்புகிறேன்.