சேத்துக்கு ஃபோர் வீல் குவாட் வாங்கப் போறீங்களா? அக்கா சொல்றதை ஒருக்கா கேளுங்க

எங்க தம்பி ஒரு நாலு சக்கர பைக் வாங்கி வந்தான். பார்க்க சிங்கக்குட்டி மாதிரி இருந்துச்சு. மே மாச மழையில முதல் நாளே மேட்டு லயத்துக்குக் கீழே இருக்கிற வளைவுல புதைஞ்சிருச்சு. பக்கத்து வீட்டு லேண்ட்மாஸ்டர்தான் வந்து இழுத்தது. நாலு சக்கரம் இருந்தாலே ஃபோர் வீல்னு நினைச்சிட்டான், பாவம். இன்ஜின் இழுத்தது பின் சக்கரம் இரண்டை மட்டும்தான். அவனைத் திட்டி முடிச்சாச்சு, இனி உங்க முறை.

முதல்ல ஒரு கேள்வி. உங்களுக்கு இது நிஜமாவே வேணுமா? தினமும் பத்துப் பதினைந்து கொழுந்துச் சாக்கு இறக்கணும்னா லேண்ட்மாஸ்டரோ பழைய ஜீப்போ வாங்குங்க. தனி ஆளா மேல் மலைக்குப் போக, ஒரு உர மூட்டை ஏத்த, ரப்பர் பால் கேன் கொண்டு வர, தண்ணிக் குழாய் பார்க்கன்னா குவாட் சரி. நம்ம இரத்தினபுரியில வருஷத்துக்கு 3500 மில்லிமீற்றருக்கு மேல மழை. வண்டியைக் காய்ஞ்ச தரையில பார்த்து வாங்கினா, வருஷத்துல பாதி நாளை மறந்துட்டு வாங்கினதா அர்த்தம்.

1. நாலும் இழுக்குதான்னு கண்ணால பாருங்க. 110, 125 சிசி-யில மலிவா வர்ற செயின் வண்டிகள் பெரும்பாலும் பின் சக்கரத்துல மட்டும் இழுக்கும். ஹோண்டா 1986-லயே ஃபோர் வீல் குவாட்டை விற்பனைக்கு விட்டாச்சு, இன்னைக்கும் கடைக்காரர் "நாலு சக்கரமும் இருக்குதானே" என்பார். ஈரப் புல் மேட்டுல ஏத்திக் காட்டச் சொல்லுங்க. முன் சக்கரம் மண்ணைப் பிறாண்டணும்.

2. லோ கியரும் முன் டிஃபரன்ஷியல் (டிஃப்) லாக்கும் கேளுங்க. ஒரு சக்கரம் களியில வழுக்கினா, லாக் இல்லாத டிஃப் இருக்கிற வேகத்தையெல்லாம் அந்த வழுக்குற சக்கரத்துக்கே கொடுக்கும். மற்றது சும்மா நிற்கும். லாக் போட்டா இரண்டும் சேர்ந்து சுத்தும். பாதை கெட்டியானதும் லாக்கை எடுத்துடுங்க, இல்லாட்டி வளைவுல திருப்பவே வராது.

3. சிசி ஆசையை விடுங்க. 400-லிருந்து 570 வரைக்கும் நம்ம தோட்டப் பாதைக்குத் தாராளம். அந்த அளவு வண்டியே 300 கிலோவை ஒட்டி வரும். ஆயிரம் சிசி வண்டி செம்மண்ணுல இறங்கினா யார் தூக்கறது? மச்சானா? சிசி-யை விட அடிவயிற்றைப் பாருங்க. தரைக்கும் வண்டியின் அடிக்கும் நடுவுல நல்ல இடைவெளி வேணும். அது குறைஞ்சா லொறி போன தடத்துல வயிறு தட்டி, சக்கரம் நாலும் அந்தரத்துல சுத்தும்.

4. பெல்ட்டா, கியரா? யமஹா, சுசுகி, பொலாரிஸ், சிஎஃப் மோட்டோ வண்டிகள்ல பெரும்பாலும் பெல்ட்தான். ஓட்ட சுகம். ஆனா பெல்ட் பெட்டிக்குள்ள தண்ணி போனா வழுக்கும். காற்றுக் குழாய் வாய் எவ்வளவு உயரத்துல இருக்குன்னு பாருங்க, அதுதான் உங்க தண்ணி மட்டம். சேத்துல ஹை கியர் போட்டு முறுக்குறவங்களுக்குப் பெல்ட் கருகும். சேறுன்னா லோ, வேற பேச்சே கிடையாது. ஹோண்டா ரான்ச்சர், ஃபோர்மேன் மாதிரி வண்டிகள்ல பெல்ட் இல்லை, கியர்தான். நான் வாங்கினா அதைத்தான் தேடுவேன்.

5. டயர். நம்ம களிமண் ஒட்டினா விடாது. பல் ஆழமாவும் பல்லுக்குப் பல் இடைவெளி அகலமாவும் இருந்தாத்தான் சுத்தும்போது மண் தெறிச்சு விழும். அதுக்காக ராட்சச டயர் போட்டு ஆக்சிலை முறிக்காதீங்க. காற்று 5, 7 பிஎஸ்ஐ-தான். பெட்ரோல் ஷெட் மீட்டருல அது சரியாத் தெரியாது, குறைந்த அழுத்த கேஜ் ஒன்னு தனியா வாங்கிக்கோங்க.

6. பழைய வண்டியா? 2020 மார்ச்சுல வாகன இறக்குமதியை நிறுத்தி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலதான் திரும்பத் திறந்தாங்க. அதனால கைமாறி வர்றது வயசான வண்டியாத்தான் இருக்கும். குனிஞ்சு ஆக்சில் ரப்பர் உறைகளைப் பாருங்க, கிழிஞ்சிருந்தா உள்ளே ஜாயின்ட் போயிருக்கும். சக்கரத்தைப் பிடிச்சு ஆட்டிப் பாருங்க. டிஃப் எண்ணெய் பால் தேத்தண்ணி நிறத்துல இருந்தா உள்ளே தண்ணி போயிருக்கு, எழுந்து வந்துடுங்க. ரேடியேட்டர்ல சேறு காய்ஞ்சு ஒட்டியிருந்தாலும் விலையைக் குறைங்க. வாங்கின பிறகு நீங்களும் சோம்பல்படாம இன்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமா மெதுவாத் தண்ணி அடிச்சுக் கழுவுங்க.

7. சாமான் எங்கே? பஞ்சிகாவத்தை சாமான் கடைகளுக்கு ஒரு நாள் போய் பெல்ட், பேரிங், ஃபில்டர் விசாரிச்சிட்டு வந்த பிறகு முற்பணம் கொடுங்க. ஊர்ல அந்த வண்டியைக் கழற்றத் தெரிஞ்ச பாஸ் ஒருத்தர் இருக்கணும். பதிவுப் புத்தகம் இல்லாத வண்டியைப் பெரிய ரோட்டுல இறக்காதீங்க.

வாங்கின பிறகு செய்யக் கூடாதது சிலது இருக்கு.

புதைஞ்ச வண்டியை இழுக்குற வின்ச் கயிற்றைப் பால் வெட்டுற ரப்பர் மரத்துல சுத்தாதீங்க. பட்டை போனா வருமானம் போச்சு. வேற மரத்துல கட்டினாலும் அகலப் பட்டி போட்டுக் கட்டுங்க.

நிவித்திகலை, காவத்தை, எஹலியகொட பக்கம் வயலோரத்துல தேங்கின தண்ணிக்குள்ள ஓட்டிப் படம் எடுக்குற வேலை வேண்டவே வேண்டாம். மூடாத பழைய மாணிக்கக் குழி எங்கே இருக்குன்னு மேலே தெரியாது. இறங்கி, நீளக் கம்பால குத்திப் பார்க்க முடியாத தண்ணியைச் சுத்திப் போங்க.

ஒரு ஆள் வண்டியில பின்னால தங்கச்சியை ஏத்தாதீங்க. பதினாறு வயசு ஆகாத பிள்ளைக்குப் பெரிய வண்டியின் சாவியே கண்ணுல படக் கூடாது. குவாட் கவிழ்ந்து ஆள் நசுங்கிச் சாகிறது ஆஸ்திரேலியாவுல நிறைய நடந்துச்சு. அதனாலதான் 2021 ஒக்டோபர்ல இருந்து அங்கே பண்ணைக்கு விற்கிற புது வண்டியில கவிழ்வுக் காப்புக் கம்பி கட்டாயம். நம்ம மலைச் சரிவு அவங்க பண்ணையை விட மோசம். சரிவுல குறுக்கே போகாதீங்க, நேரா ஏறுங்க, நேரா இறங்குங்க.

காலில் புண்ணோட சேத்துல இறங்காதீங்க. எலிக்காய்ச்சல் நம்ம பக்கத்துக்குப் புதுசில்லை. பூட்ஸ் போடுங்க. சேத்துல உழன்ற பிறகு காய்ச்சல் வந்தா பனடோலோட நிறுத்தாம ஆஸ்பத்திரியில சேறு பட்டதைச் சொல்லுங்க.

மண்சரிவு எச்சரிக்கை வந்த அன்னைக்கு வண்டியை எடுக்கவே எடுக்காதீங்க. 2016 மே 17-ல அரநாயக்கவுல மலை இறங்கினதை மறந்துட்டீங்களா? அதுக்கு முன்னால எந்த டிஃப் லாக்கும் நிற்காது.

தம்பியின் சிங்கக்குட்டி இப்போ கோழிக்கூட்டுக்குப் பக்கத்துல தார்ப்பாய்க்குள்ள கிடக்கு. மொனராகலை, அம்பாந்தோட்டை மாதிரி காய்ஞ்ச மண்ணுக்காரர் யாராவது கேட்டா சொல்லுங்க, நியாய விலைக்குத் தர்றோம். உங்களுக்குத் தர மாட்டேன்.