மின்சாரக் காருக்கு ஏற்ற பழைய மோட்டாரைத் தேர்ந்தெடுத்தல்

மும்பையில் விக்ரோலி வழியாகச் செல்லும் புறநகர் மின்சார இரயில்கள் நெடுங்காலம் 1,500 வோல்ட் நேர்மின்னோட்டத்தில் ஓடின. 1925-ஆம் ஆண்டில் பம்பாயில் தொடங்கிய அம்முறை, 2016-ஆம் ஆண்டுக்குள் 25,000 வோல்ட் மாறுமின்னோட்டமாக முற்றிலும் மாற்றப்பட்டது. நேர்மின்னோட்டத்திற்கு மட்டுமே அமைந்த வண்டித் தொடர்களுக்கு அதன்பின் அங்கு இடமில்லாது போயிற்று. தண்டவாளம் மாறவில்லை, மின்சாரத்தின் வகையே மாறிற்று. மின்சாரக் காருக்குப் பழைய மோட்டார் வாங்குவோர் அறியவேண்டிய முதற்பாடம் இதுவே.

விக்ரோலிக்கு அண்மையிலுள்ள குர்லாவில் பழைய வண்டிகளின் உறுப்புகளை விற்கும் கடைகள் பல உள. புதிய மோட்டாரின் விலையைத் தாங்க இயலாதவரும், தம் காரின் உற்பத்தி நின்றுபோனவரும் இத்தகைய கடைகளை நாடுவர். பெங்களூரில் செய்யப்பட்டு 2001-இல் விற்பனைக்கு வந்த ரேவா கார் தக்க எடுத்துக்காட்டாகும். அதன் முதல் வகையில் 48 வோல்ட் பாட்டரியும் நேர்மின்னோட்ட மோட்டாரும் இருந்தன. 2008-இல் வெளிவந்த ரேவா-ஐ என்ற வகையிலோ மூன்று கட்ட மாறுமின்னோட்ட மோட்டார் அமைந்தது. தோற்றத்தில் இரண்டும் ஒத்தவை. ஆயினும் பின்னதன் மோட்டாரை மட்டும் முன்னதில் பொருத்தினால் அது ஓடாது. கன்ட்ரோலர் என்னும் கட்டுப்பாட்டுக் கருவியையும் அதற்கேற்ப மாற்றவேண்டும்.

ஆகவே, முதலில் பழுதான மோட்டாரின் பெயர்த்தகட்டைப் படித்து, வகை, வோல்ட், கிலோவாட், சுழற்சி வேகம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுதல் வேண்டும். தொடர்ந்து தரும் ஆற்றல் வேறு, சிறிது நேரம் மட்டும் தரும் உச்ச ஆற்றல் வேறு. விற்போர் பெரும்பாலும் பின்னதையே கூறுவர். அடுத்து, தண்டின் விட்டமும் பற்களும், திருகாணித் துளைகளின் இடைவெளி, குளிர்விக்கும் முறை, வேகத்தை அறிவிக்கும் உணர்கருவியின் வகை ஆகியவற்றை ஒப்பிடவேண்டும். இவற்றுள் ஒன்று பொருந்தாவிடினும் மலிவாக வாங்கியது பெருஞ்செலவாக முடியும்.

கடையிலேயே செய்யத்தக்க சோதனைகள் சில உள. தண்டைக் கையால் சுழற்றினால் பேரிங்கில் கரகரப்பு இருத்தல் கூடாது. மூன்று கட்டச் சுருள்களின் மின்தடை ஒன்றுக்கொன்று சமமாயிருத்தல் வேண்டும். நிலைக்காந்த மோட்டாராயின், அதன் மூன்று கம்பிகளையும் ஒன்றாக இணைத்துச் சுழற்றினால் தண்டு கடினமாகத் திரும்பும். எளிதில் திரும்பினால் காந்தமோ சுருளோ கெட்டிருக்கலாம். நேர்மின்னோட்ட மோட்டாரில் கார்பன் பிரஷ் தேய்ந்துள்ளதா, காம்யூட்டேட்டர் கருகியுள்ளதா என்று பார்க்கவேண்டும். சுருளுக்கும் உடற்கூட்டிற்கும் இடையேயுள்ள காப்புத்தடையை மெகர் கருவியால் அளக்கவேண்டும். அது 1 மெகோமுக்குக் குறைவாயின் அம்மோட்டாரை அந்நிலையில் ஏற்கலாகாது. மும்பையின் மழைக்காலத்தில் ஈரத்தாலும் அளவு குறையுமாதலின், உலர்த்தி மீண்டும் அளத்தல் நலம். கன்ட்ரோலரைக் கழற்றாமல் மெகரை இணைத்தால் அதன் நுண்ணுறுப்புகள் கெட்டுவிடும்.

48 வோல்ட் வண்டியில் ஓட்டத்தின்போது நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். தளர்ந்த இணைப்பு தீயை விளைவிக்கும். இக்காலக் கார்கள் பலவற்றில் 300 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்னழுத்தம் உண்டு. அது உயிரைப் போக்கவல்லது. பாட்டரியைத் துண்டித்த பின்னும் கன்ட்ரோலரின் கபாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். எனவே பயிற்சி பெற்றவரன்றிப் பிறர் இவற்றைத் திறத்தல் கூடாது.

விற்பனைச் சீட்டில் மோட்டாரின் எண்ணைக் குறித்து வாங்குவது திருட்டுப் பொருளினின்று காக்கும். வண்டியின் அமைப்பை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டம், 1988, 52-ஆம் பிரிவுக்கு உட்பட்டதாதலின், பதிவு அலுவலகத்தை முன்னரே அணுகுதல் வேண்டும்.

ஆசிரியர்கள் வகுப்பில் ஒரு கணக்கைத் தரலாம்: 48 வோல்ட்டில் 13 கிலோவாட் பெறுவதற்கு எத்தனை ஆம்பியர் தேவை? 13,000-ஐ 48-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 271 வரும். மோட்டாரின் கம்பி ஏன் அவ்வளவு தடிமனாக இருக்கிறது என்பதை மாணவர் தாமே உணர்வர்.